எழுத ஆளில்லாத வலைப்பூக்கள்

கல்நார்த் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். அரிதான நோய். ஆனால் நோய் வந்தவர் கல்நார் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டால் பெருந்தொகை இழப்பீடாகக் கிடைக்கும். ஆகவே அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனங்கள் இந்த நோயாளிகளைத் தேடி அலைந்தன. 2004, 2005 வாக்கில் இணையத்தில் அந்தச் சொல்லின் அருகே வரும் விளம்பரத்தை ஒருவர் ஒரே ஒருமுறை கிளிக் செய்தால் போதும், விளம்பரம் கொடுத்த நிறுவனம் பத்துக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். கொஞ்ச நாளில் மீசோதீலியோமா பற்றிய வலைப்பூக்கள் இணையம் முழுக்க முளைத்துவிட்டன. அவற்றை எழுதியவர் மருத்துவரும் இல்லை, நோயாளியும் இல்லை, வக்கீலும் இல்லை. பெரும்பாலானவற்றை எவருமே எழுதவில்லை.

எழுத்தாளர் இல்லாமல் வலைப்பூ நடத்திக் காசு பார்க்கும் தொழிலுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகுதான் இந்தக் கூத்து தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தொழிலுக்கென்று தனி மென்பொருள்கள், தனிச் சந்தை, தனிக் கூலியாட்கள் எல்லாம் வந்துவிட்டன. ஒன்றே ஒன்றுக்குத்தான் இந்தத் தொழிலில் இடமே இருந்ததில்லை. அது வாசகர்.

இப்படியொரு தொழில் நடக்க நான்கு வேண்டும்: இடம், சரக்கு, ஊருக்குச் சொல்ல ஒரு வழி, காசு. நான்கும் சொல்லிவைத்தாற்போல் ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தன.

இடத்தைக் கொடுத்தது பிளாகர். சான்பிரான்சிஸ்கோவில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999 ஆகஸ்டில் அதைத் தொடங்கியது. கணினி மொழி எதுவும் தெரியாதவர்கூட இலவசமாக ஒரு தளம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. சரக்குக்கு வழி செய்தது ஆர்எஸ்எஸ் என்னும் செய்தியோடை. அதே 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ராமநாதன் குஹாவும் டான் லிபியும் அதை உருவாக்கினார்கள். குஹா சென்னை ஐஐடியில் படித்தவர். ஒரு தளத்தில் வரும் புதிய இடுகைகளை இன்னொரு தளம் தானாகவே எடுத்துக்கொள்ள அந்த ஏற்பாடு உதவியது. அதன் நல்ல பயனைத் தமிழ்ப் பதிவர்கள் நேரில் கண்டார்கள். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பூக்களை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது. ஆனால் திரட்டுவதற்கும் திருடுவதற்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான். ஓடையிலிருந்து தலைப்பை எடுத்து மூலத் தளத்துக்கு வழிகாட்டினால் திரட்டி. முழு இடுகையையும் எடுத்துப் பக்கத்தில் விளம்பரத்தை ஒட்டினால் வேறு கதை.

ஊருக்குச் சொல்லும் வழிக்குப் 'பிங்' என்று பெயர். ஒரு வலைப்பூவில் புதிதாக ஏதாவது ஏறியதும் அதன் மென்பொருள் வெப்லாக்ஸ்.காம் போன்ற மையங்களுக்குத் தானாகவே ஒரு குறுந்தகவல் அனுப்பும். அதைப் பார்த்துத் தேடுபொறிகள் ஓடிவரும். சொன்னது மனிதரா கருவியா என்று அந்தக் காலத்தில் எவரும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது காசு. தேடல் சொல்லை ஏலம் விட்டு, கிளிக்குக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் யோசனையை 1998இல் பில் கிராஸின் கோடூ.காம் நடத்திக் காட்டியிருந்தது. பின்னால் கூகுளும் அதே பாதையில் வந்தது. 2003 பிப்ரவரியில் பிளாகரைக் கூகுள் வாங்கியது. ஜூனில் ஆட்சென்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தன் பக்கத்தில் நான்கு வரி நிரலை ஒட்டலாம். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கூகுளின் இயந்திரம் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் போடும். கிளிக் விழுந்தால் வருமானத்தில் பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை நிறுவனம் வெளியே சொன்னது 2010இல்தான்: நூறு ரூபாயில் 68 தளத்துக்காரருக்கு, 32 கூகுளுக்கு.

பக்கத்தைப் படிப்பது இயந்திரம் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதுவதும் இயந்திரமாக இருந்தால் என்ன என்ற கேள்வி அடுத்த நாளே சிலருக்குத் தோன்றிவிட்டது.

இயந்திரத்தைப் பேசவைக்கும் வித்தை அப்போதே பழையது. ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் மார்க்கோவ் 1913இல் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' கவிதை நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிரெழுத்துக்கும் மெய்யெழுத்துக்கும் பின் உயிர் வருகிறதா மெய் வருகிறதா என்று கையால் எண்ணினார். எழுத்துக்குப் பதில் சொல்லை வைத்து அதே கணக்கைப் போட்டால், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து வாக்கியங்களை உருட்டிக்கொண்டே போகலாம். 1980களில் பெல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் சிலர் இப்படி ஒரு நிரல் எழுதி, 'மார்க் வி. ஷேனி' என்று மார்க்கோவின் பெயரையே உடைத்துப் போட்டு, யூஸ்நெட் என்ற அந்தக் கால விவாதக் களத்தில் திருமணமாகாதவர்கள் பேசிக்கொள்ளும் குழுவில் உலவவிட்டார்கள். உளறினாலும் ஆள் உயிருள்ளவர்தான் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அது விளையாட்டு. இருபது ஆண்டு கழித்து அதே வித்தை கடன், காப்பீடு, கல்நார் என்று விலையுயர்ந்த சொற்களின் நடுவே உளறலை நிரப்பும் தொழிற்கருவியானது. வாசகருக்குப் புரியுமா என்ற கவலை தயாரித்தவருக்கு இல்லை. வந்தவர் புரியாமல் விழித்து, வெளியேற வழி தேடும்போது விளம்பரத்தைக் கிளிக் செய்தால் போதும். பக்கம் நன்றாக இருந்தால்தான் நஷ்டம், ஆள் அங்கேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்!

இந்த வலைப்பூக்களுக்கு 'ஸ்பிளாக்' என்ற பெயர் நிலைத்தது. ஸ்பாம் என்னும் குப்பைத் தகவலும் பிளாகும் சேர்ந்தது. 2005 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழிலதிபர் மார்க் க்யூபன் எழுதியபோது பரவலான சொல் அது.

இதில் ஒரு சுவையான முரண் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் ஆண்டி பையோ என்ற பதிவர் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். பதிவர்கள் மிக மதித்த வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே 1,68,000 கட்டுரைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. கல்நார், மீசோதீலியோமா, காப்பீடு, அடமானக் கடன், நீரிழிவு என்று கிளிக்குக்கு அதிகம் தரும் தலைப்புகளாகப் பார்த்து ஒரு வெளி நிறுவனம் தந்த சரக்கு. முகப்புப் பக்கத்திலிருந்து அவற்றுக்குப் போகும் இணைப்பு மனிதக் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் தெரியும். இலவசமாகக் கொடுக்கும் மென்பொருளுக்குச் செலவு செய்யக் காசு வேண்டுமே என்பதுதான் பின்னணி. வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் கட்டுரைகளை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பாம் பின்னூட்டங்களைத் தடுக்கும் அகிஸ்மெட்டைக் கொண்டுவந்ததும் அவரேதான். இந்த வரலாற்றில் காவலரும் கள்வரும் எதிரெதிர்த் தெருவில் குடியிருந்ததில்லை.

அந்த 2005 அக்டோபர் இன்னொன்றுக்கும் பேர்போனது. ஒரு வாரக் கடைசியில் பிளாகர் தளத்தில் ஸ்பிளாக்குகள் மழையாகக் கொட்டின. எவரோ ஒரு நிரலை எழுதி, வலைப்பூ திறப்பது முதல் இடுகை ஏற்றுவது வரை எல்லாவற்றையும் தானாக நடக்கவிட்டிருந்தார். சரக்குக்குப் புகழ்பெற்ற பதிவர்களின் பெயர்களையும் அவர்கள் எழுதியவற்றையும் அள்ளிப் போட்டிருந்தார். தங்கள் பெயர் எங்கெல்லாம் அடிபடுகிறது என்று ஓடை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பதிவர்களின் திரை முழுக்கக் குப்பை. மென்பொருளாளர் டிம் பிரே இதற்கு 'ஸ்பிளாக்ஸ்ப்ளோஷன்' என்று பெயர் வைத்தார். கூகுள் சுமார் 13,000 வலைப்பூக்களை நீக்கியது. அந்த ஆண்டுக் கடைசியில் பால்டிமோரிலுள்ள மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரணாம் கோலாரி, டிம் ஃபினின் முதலானோர் வெப்லாக்ஸ்.காமுக்கு வந்த பிங்குகளை எடுத்துச் சோதித்தார்கள். ஆங்கில வலைப்பூக்களின் பிங்குகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஸ்பிளாக்குகள் அனுப்பியவை.

களையெடுக்கும் இயந்திரமும் சில சமயம் பயிரைப் பிடுங்கியது. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் பிளாகரின் ஸ்பாம் தடுப்பு ஏற்பாட்டில் ஏற்பட்ட கோளாறால், ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த பலருக்கு 'உங்கள் வலைப்பூ ஸ்பாம்' என்று மின்னஞ்சல் வந்து கதவு பூட்டிக்கொண்டது. தான் மனிதர்தான் என்று மனிதரே மனுப்போட வேண்டிய நிலை.

இனி கருவிகள். இந்தத் தொழிலின் ஒவ்வொரு கருவியும் ஒரு மனிதரின் ஒரு வேலையைத் தனியாகக் கழற்றி எடுத்ததுதான். பிறர் எழுதியதை எடுத்துப் போடும் வேலைக்கு டபிள்யூபி-ஓ-மாட்டிக் என்ற வேர்ட்பிரஸ் பிளகின், அதாவது செருகு நிரல், 2007 வாக்கில் பிரபலமானது. ஓடை முகவரிகளையும் நேர இடைவெளியையும் கொடுத்துவிட்டால் போதும், வலைப்பூ தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும். எழுதியவர் கியர்மோ ராவ்ச் என்ற அர்ஜென்டினா இளைஞர், அப்போது பதின்ம வயதைத் தாண்டாதவர். இன்று உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் வெர்செல் நிறுவனத்தின் நிறுவனர் அவர்தான். பிளகினில் தவறில்லை. செய்தித் தொகுப்புக்கும் அதைப் பயன்படுத்தலாம். பல ஓடைகளை இணைத்து, வடிகட்டி, புது ஓடையாக்கித் தரும் யாகூ பைப்ஸும் அதே 2007இல் வந்தது. அழகான கருவி. ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தினார்கள், ஸ்பிளாக்காரர்களும் பயன்படுத்தினார்கள். 2015இல் மூடிவிட்டார்கள்.

எடுத்துப் போட்டால் ஒரு தொல்லை. ஒரே கட்டுரை பத்து இடத்தில் இருந்தால் தேடுபொறி ஒன்பதை ஒதுக்கிவிடும். அதற்கு மருந்தாக வந்தவை 'ஸ்பின்னர்' மென்பொருள்கள். ஒரு கட்டுரையில் பத்துச் சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்றுச் சொற்களை வளைவு அடைப்புக்குள் கோடு போட்டு எழுதிக் கொடுத்தால், கணக்குப்படி 59,049 'வேறு வேறு' கட்டுரைகள் கிடைக்கும். வசதியானவர்கள் அந்த மாற்றுச் சொற்களையும் நிகண்டிலிருந்து மென்பொருளே எடுக்கும்படி விட்டார்கள். இந்த வகை மென்பொருள் வலைப்பூவோடு நிற்கவில்லை. 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் கபனாக்கும் தோழர்களும் அறிவியல் ஆய்விதழ்களில் விசித்திரமான சொற்றொடர்களைக் கண்டுபிடித்தார்கள். மார்பகப் புற்றுநோய் நெஞ்சகப் பேராபத்து ஆகியிருந்தது, செயற்கை நுண்ணறிவு போலிப் பிரக்ஞை ஆகியிருந்தது.

அடுத்த கழற்றல் இன்னும் வேடிக்கையானது. வேறு தளங்கள் எத்தனை இணைப்புக் கொடுக்கின்றன என்று பார்த்துத்தான் கூகுள் ஒரு பக்கத்தின் மதிப்பைக் கணித்தது. ஆகவே இணைப்புகளையும் உற்பத்தி செய்ய வேண்டும். ரஷ்யாவிலிருந்து வந்த எக்ஸ்ரூமர் போன்ற மென்பொருள்கள், விவாதக் களங்களிலும் பின்னூட்டப் பெட்டிகளிலும் தாமாகவே கணக்குத் தொடங்கி விளம்பரத்தைப் போட்டுவிட்டு வந்தன. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, பின்னூட்ட இணைப்புகளை மதிப்புக் கணக்கில் சேர்க்காமல் விட 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. தளத்துக்காரர்கள் கேப்ட்சாவை வைத்தார்கள், அதாவது நெளிந்த எழுத்துகளை மனிதர்தான் படித்துச் சொல்ல வேண்டும் என்ற பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கவும் ஆள் கிடைத்தார்கள். சீனா, இந்தியா, ரஷ்யா முதலிய நாடுகளில் நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து கேப்ட்சா படித்துத் தட்டும் வேலை பிறந்தது. 2010இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியேகோ வளாகத்து ஆய்வாளர்கள் இந்தச் சந்தையை உள்ளே புகுந்து ஆராய்ந்தார்கள். ஆயிரம் கேப்ட்சாவுக்கு ஒரு டாலர், சில இடங்களில் அதிலும் பாதி என்ற அளவுக்கு விலை இறங்கியிருந்தது. வேலை செய்பவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ள, குறிப்பிட்ட மொழி தெரிந்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேப்ட்சாக்களைத் தயாரித்து அனுப்பினார்கள். அந்த மொழிகளின் பட்டியலில் இந்தி, வங்காளம், கன்னடம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கற்பனை மொழியான கிளிங்கானையும் சேர்த்திருந்தார்கள் என்பது உபரித் தகவல்.

'தானியங்கி' என்று பெயர் போட்ட தொழிலின் அடித்தளத்தில் இப்படி மலிவான மனித உழைப்பு கிடந்தது. இதை மறந்துவிட்டுத்தான் இதன் வரலாற்றைப் பலர் எழுதுகிறார்கள்.

இந்த உழைப்பை நாகரிகமாகப் பயன்படுத்தி உச்சத்துக்குப் போன நிறுவனம் டிமாண்ட் மீடியா. எழுதுவது மனிதர்கள், ஆனால் எதை எழுதுவது என்பதைக் கணிப்பது மென்பொருள். மக்கள் எதைத் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர் எவ்வளவு தருவார், போட்டிக்கு எத்தனை பக்கங்கள் உள்ளன என்று பார்த்து அது தலைப்புகளை உமிழும். கட்டுரைக்குச் சுமார் 15 டாலர் என்ற கணக்கில் அமெரிக்காவின் வேலையிழந்த பத்திரிகையாளர்களும் எழுதினார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் சரக்கு. 2011 ஜனவரி 26இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 150 கோடி டாலர், நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தொட்டுத் தாண்டியது.

நெடுநாள் நீடிக்கவில்லை மகிழ்ச்சி. பிப்ரவரி 24 அன்று கூகுள், தரம் குறைந்த தளங்களைக் கீழே தள்ளத் தன் தரவரிசை முறையை மாற்றியதாக அறிவித்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் பாதிக்கப்படும் என்றது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயரால் அந்த மாற்றம் 'பாண்டா' என்று அழைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்துப் 'பெங்குவின்' வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே, வலைப்பூக் கூட்டமொன்றை வைத்துக்கொண்டு இணைப்பு விற்றுவந்த பில்ட் மை ரேங்க் என்ற நிறுவனம் கடையை மூடியிருந்தது. அதன் வலைப்பூக்களைக் கூகுள் ஒரேயடியாகப் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தது. நேற்றுவரை மாதச் சந்தா கட்டி ஓட்டிய கருவிகள் பலருக்கு வீணாயின.

கருவி வாங்கியவர் தோற்றாலும் விற்றவர் தோற்கவில்லை. 'தூங்கும்போதும் டாலர்' என்ற பாணியில் மின்னூல், காணொளிப் பாடம், மாதச் சந்தா மென்பொருள் என்று விற்றவர்களுக்குக் கூகுளின் ஒவ்வொரு தடையும் அடுத்த பதிப்பை விற்க ஒரு காரணம் ஆனது. வலைப்பூ நடத்துபவரின் வருமானம் தேடுபொறியின் தயவில் இருந்தது. பாடம் நடத்துபவரின் வருமானம் வலைப்பூ நடத்துபவரின் ஆசையில் இருந்தது. இரண்டில் எது நிலையானது என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ் இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் வெளியே நின்றது. ஆட்சென்ஸ் இந்தியை ஏற்றது 2014 இறுதியில், வங்காளத்தை 2017இல், தமிழை 2018இல்தான். முதல் பதினைந்து ஆண்டுகள் தமிழில் எழுதிய பதிவருக்கு விளம்பர வருமானம் என்ற பேச்சுக்கே பெரிதாக இடமில்லை. அந்தப் புறக்கணிப்பு ஒரு வகையில் காப்பாகவும் அமைந்தது. காசு இல்லாத மொழியில் குப்பை கொட்ட எவரும் மெனக்கெடவில்லை.

பிறகு வந்தது செயற்கை நுண்ணறிவு. 2019 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம், தானே எழுதும் தன் ஜிபிடி-2 மாதிரியை அறிவித்தபோது, தவறாகப் பயன்படும் என்று அஞ்சி முழு வடிவத்தை உடனே தரவில்லை. 2020 கோடையில் கலிபோர்னியா மாணவர் ஒருவர் அடுத்த மாதிரியான ஜிபிடி-3ஐ வைத்து ஒரு வலைப்பூவை நடத்தினார். அதிலொரு இடுகை தொழில்நுட்ப வட்டாரத்தின் ஹேக்கர் நியூஸ் தளத்தில் முதலிடத்துக்கே போனது. எழுதியது இயந்திரம் என்று சந்தேகப்பட்டவர்கள் சொற்பம். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்ததும், மார்க்கோவ் உளறலுக்கும் ஸ்பின்னருக்கும் வேலை போனது. வாக்கியம் பிசிறில்லாமல் வர, பிழை மட்டும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. சிநெட் என்ற பழம்பெரும் அமெரிக்கத் தளம் தானியங்கி முறையில் 77 நிதிக் கட்டுரைகளை வெளியிட்டு, 2023 ஜனவரியில் மாட்டிக்கொண்டு, 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட்டது. ஒரு கட்டுரையில் 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஓராண்டில் 10,300 டாலர் 'சம்பாதிக்கலாம்' என்றிருந்தது. வட்டி 300 டாலர்தான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

பழைய உத்திகள் புது வேகத்தில் திரும்பின. 2023 நவம்பரில் ஒருவர், போட்டித் தளமொன்றின் பக்கப் பட்டியலை அப்படியே எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் இயந்திரத்தால் கட்டுரை எழுதவைத்து, 1,800 கட்டுரைகளோடு அந்தத் தளத்துக்குப் போக வேண்டிய வருகைகளைத் திருப்பிவிட்டதாகப் பொதுவெளியில் பெருமையடித்துக்கொண்டார். செர்பியாவில் ஒரு டிஜே, காலாவதியான தளப் பெயர்களை வாங்கி இயந்திரக் கட்டுரைகளால் நிரப்புவதையே தொழிலாக வைத்திருப்பதை 2024 தொடக்கத்தில் 'வயர்ட்' இதழ் எழுதியது. அவர் கையில் சிக்கியவற்றில் ஒன்று 'தி ஹேர்பின்'. 2010 முதல் 2018 வரை நடந்த, பெண் எழுத்தாளர்கள் பலர் பேர் வாங்கிய தளம். அதன் சில பழைய கட்டுரைகளை வைத்துக்கொண்டு, எழுதிய பெண்களின் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டிருந்தார்கள். இந்த வரலாற்றில் இதைவிட அசிங்கமான செயல் ஒன்றைக் காட்டுவது கடினம்.

2024 மார்ச் 5இல் கூகுள் தன் ஸ்பாம் விதிகளைத் திருத்தியது. எழுதியது மனிதரா இயந்திரமா இருவருமா என்பது இனிக் கேள்வியில்லை. தரவரிசையை ஏமாற்றவென்று மொத்தமாக உற்பத்தி செய்வதே குற்றம். காலாவதியான தளப் பெயரை வாங்கி நிரப்புவதும் அதே விதியில் தனிக் குற்றமானது. நூற்றுக்கணக்கான தளங்கள் தேடலிலிருந்து மறைந்தன.

விளம்பரப் பக்கம் வேறு திசையில் போனது. 2023 ஜூனில், செய்தித் தளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் நியூஸ்கார்ட் நிறுவனம், இயந்திரம் எழுதும் செய்தித் தளங்களில் 141 பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் ஓடுவதைக் கண்டுபிடித்தது. அந்த விளம்பரங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கூகுள் வழியாக வந்தவை. அந்த நவம்பரில் ஆட்சென்ஸ் தன் இருபதாண்டுக் கணக்கு முறையை மாற்றுவதாக அறிவித்தது. 2024 முதல் தளத்துக்காரருக்குக் காசு கிளிக்குக்கு இல்லை, விளம்பரம் திரையில் தோன்றுவதற்கே.